சேலையூரில் ஒரு ஏஜென்ட் இணையத்தில் பெயர் எடுப்பது எப்படி?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வயது 28. வங்கி வேலையை விட்டுவிட்டு, சேலையூர் கேம்ப் ரோட்டில் 20 வருடமாக வீட்டுத் தரகு பார்க்கும் தாய்மாமாவோடு சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மாமாவுக்குத் தொழில் எல்லாம் போனிலும் டீக்கடையிலும்தான். உங்களுக்கோ இணையத்தில் சொந்தமாக ஒரு பெயர் வேண்டும். ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனி மாதம் 40,000 ரூபாய் கேட்கிறது, மூன்று மாதத்தில் 10,000 ஃபாலோயர் தருவதாகச் சொல்கிறது. கொடுக்கலாமா? இன்ஸ்டாகிராமா, யூடியூபா? முகத்தைக் காட்ட வேண்டுமா? "வீடு விக்கிறவனுக்கு எதுக்குடா டான்ஸ்" என்று மாமா சிரிக்கிறாரே, அதில் நியாயம் இருக்கிறதா?

கொடுக்காதீர்கள். அந்தப் 10,000 பேரில் சேலையூரில் வீடு வாங்கப்போகிறவர் எத்தனை பேர் என்று அந்தக் கம்பெனியைக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு ரீல்ஸுக்கு ஹார்ட் போடுகிறவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் ரீசேல் ஃப்ளாட் பார்க்க பஸ் ஏறி வரமாட்டார். நான் மேடவாக்கம் பக்கம் 14 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதில் ஒன்பது வருடம் இணையத்திலும் பேசி, எழுதி வருகிறேன். என் சானலில் இன்றைக்கும் 4,000 பேர்கூடக் கிடையாது. ஆனால் நான் முடித்துக்கொடுக்கும் வேலைகளில் பாதிக்குமேல் அதன் வழியாகத்தான் வருகிறது. அந்த 4,000 பேரில் பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள், இங்கே இடம் வைத்திருப்பவர்கள், அல்லது இங்கே வாங்க அலைகிறவர்கள்.

40,000 ரூபாய் கையில் இருக்கிறது என்றால் அதில் 25,000ஐ எடுத்து முதலில் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவைச் செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் தனிநபர் ஏஜென்ட்டுக்கு அதுதான் கட்டணம், ஐந்து வருடத்துக்குச் செல்லும். உங்கள் மாமா பதிவு செய்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ரீசேலும் வாடகையும் மட்டும் பார்க்கிற பழைய தரகர்கள் பலர் "நமக்கு எதுக்கு" என்று விட்டிருப்பார்கள். சட்டம் கேட்பதும் பில்டர் விற்கிற புராஜெக்ட்டில் கை வைக்கிறவரைத்தான். ஆனால் இணையத்தில் பெயர் வேண்டும் என்கிற ஆள் என்றைக்காவது ஒரு புது ஃப்ளாட்டையோ லேஅவுட்டையோ வீடியோ போடாமல் இருக்கமாட்டார். 2016ஆம் வருட ரெரா சட்டத்தின் 9ஆவது பிரிவு, பதிவு இல்லாமல் அதைச் செய்யாதே என்கிறது. 10ஆவது பிரிவு, பதிவு செய்யாத புராஜெக்ட்டை விற்றுக்கொடுக்காதே என்கிறது. மீறினால் 62ஆவது பிரிவு: நாளொன்றுக்கு 10,000 ரூபாய், கூடிக்கூடி அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம்.

இதில் நம் ஆட்கள் மாட்டுகிற இடம் "ப்ரீ-லாஞ்ச்" வீடியோ. இடத்தைச் சுத்தம் செய்து கொடி நட்டிருப்பார்கள், ரெரா எண் இன்னும் வந்திருக்காது. "சார், இப்பவே புக் பண்ணினா சதுர அடிக்கு 300 ரூபாய் கம்மி" என்று நம்மை விட்டுப் பேச வைப்பார்கள். 500 சதுர மீட்டருக்கு மேலான நிலம் அல்லது எட்டுக்கு மேல் வீடுகள் என்றால், ரெராவில் பதிவு ஆகும்வரை விளம்பரமே செய்யக் கூடாது. போஸ்ட் போட்டவர் நாம், முகம் நம்முடையது. நாளைக்குக் கேள்வி வந்தால் பில்டர் "யாரோ ஒரு தரகர் தானாகப் போட்டார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பதிவு எண் வந்ததும் அதை எல்லா இடத்திலும் போடுங்கள். வாட்ஸ்அப் புரொஃபைல், யூடியூப் விவரம், விசிட்டிங் கார்டு, மாமாவின் கடைப் பலகை. வாங்க வருகிறவர் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் ஏஜென்ட் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடி எடுக்க முடியும். லோகோவுக்கும் பேனருக்கும் செலவு செய்வதற்கு முன்னால் நடக்க வேண்டியது இது. பேங்க் மேனேஜரும் வெளிநாட்டில் இருக்கும் ஓனரும் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

சரி, இனி எதைப் பேசுவது?

சென்னையில் வீடு வாங்குகிறவருக்கு இரண்டு பயம் உண்டு, தண்ணீர் ஒன்று, பத்திரம் ஒன்று. மற்றதெல்லாம் விலை பேசுவதற்கான சாக்கு என்றுகூடச் சொல்வேன். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் கிடந்த கிடையை டிவியில் பார்த்தவர்கள்தான் இன்றைக்கு வீடு தேடுகிறவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் படகில் வெளியேறியவர்கள் இன்றைக்கு உங்கள் சேலையூர்ப் பக்கம் வந்து, "இங்க தண்ணி நிக்குமா சார்" என்று கேட்கிறார்கள். பத்திரத்துக்கு வந்தால், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. கையில் பத்திரம் வைத்திருந்தும் விற்க முடியாமல் எத்தனையோ குடும்பம் தவித்தது. அடுத்த வருடம் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்து, 2016 அக்டோபர் 20க்கு முன்னால் விற்ற மனைகளுக்கு வழி பிறந்தது. அந்தத் தேதி ஏன் முக்கியம் என்று இரண்டு நிமிடம் நிதானமாக விளக்குகிற ஆளை, மாடம்பாக்கத்திலும் அகரம்தென்னிலும் பழைய மனை வைத்திருப்பவர் ஒருவரும் மறக்கமாட்டார்.

உங்கள் பெயரை இந்த இரண்டின் மேல் கட்டுங்கள். "கனவு இல்லம்" என்று பேசுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

தண்ணீர் வீடியோவை எப்போது எடுப்பது? அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, மழை பெய்கிற நாளிலேயே. மார்ச் மாதம் எடுத்த வீடியோவில் எல்லாத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டி, தெருப் பெயரைச் சொல்லி, நேரத்தைச் சொல்லி, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று இரண்டு முறை போய்க் காட்டுங்கள். அப்புறம் ஏப்ரல், மே மாதத்தில் அதே தெருவுக்குப் போய் போர்த் தண்ணீரைக் காட்டுங்கள். தண்ணீரின் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழாயில் ஒரு டம்ளர் பிடித்து மீட்டரை விட்டுக் காட்டினால் போதும், பேச்சே வேண்டாம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. எண்ணைக் காட்டி, அளவைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, மெட்ரோ வாட்டர் இணைப்பு வந்துவிட்டதா என்று அந்த அப்பார்ட்மெண்ட் செயலாளரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

ஓனர்கள் கோபப்படுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். "என் தெருவுல தண்ணி நிக்குதுன்னு போட்டா விலை என்னாகிறது" என்று போன் வரும். எனக்கு வந்திருக்கிறது, வீட்டுக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனவரும் உண்டு. நான் செய்வது இதுதான்: மழைநீர் வடிகால் போட்டிருந்தால் அதையும் எடுத்துக் காட்டுவேன், தரைத்தளத்தை மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்தால் டேப் பிடித்து அளந்து காட்டுவேன். போட்ட வீடியோவை மட்டும் நீக்கமாட்டேன். அதனால் சில வீடுகள் என் கையை விட்டுப் போயின. சத்தம் போட்டுவிட்டுப் போனவர் ஒன்றரை வருடம் கழித்துத் தன் தங்கைக்கு வீடு பார்க்க என்னிடம்தான் வந்தார்.

பத்திரம் பற்றிய வீடியோக்களில் உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது, வங்கியில் இருந்ததால் உங்களுக்கு அது கைவந்த கலையாகவும் இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்ப்பது எப்படி, பட்டா–சிட்டா எங்கே எடுப்பது, தாய்ப்பத்திரத்தில் இருக்கிற சர்வே எண்ணும் பட்டாவில் இருக்கிற உட்பிரிவு எண்ணும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன, பவர் வைத்து விற்கிறவரிடம் என்ன கேட்க வேண்டும், இப்படி. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். ஒரே வீடியோவில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள்.

யுடிஎஸ், அதாவது ஃப்ளாட்டோடு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கின் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், என் வீடியோக்களில் மிக அதிகமாகப் பகிரப்பட்டது அதுதான். இரண்டு கிரவுண்ட் நிலம், அதாவது 4,800 சதுர அடி. அதில் எட்டு ஃப்ளாட். சமமாகப் பிரித்தால் ஒரு ஃப்ளாட்டுக்கு 600 சதுர அடி நிலம். பக்கத்துத் தெருவில் அதே விலைக்கு, அதே அளவு ஃப்ளாட், ஆனால் நிலப் பங்கு 380தான். இருபது வருடம் கழித்துக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது எவரிடம் என்ன இருக்கும்? நான் ஒரு சாக்பீஸை எடுத்து மொட்டைமாடித் தரையில் கட்டம் போட்டுக் காட்டினேன், அவ்வளவுதான். அதேபோல "1,000 சதுர அடி ஃப்ளாட்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதில் உள்ளே பாய் விரிக்க முடிகிற இடம் எவ்வளவு என்பது. ரெரா சட்டப்படி பேச வேண்டியது கார்பெட் ஏரியா. டேப்பை எடுத்து ரூம் ரூமாக அளந்து, கூட்டிச் சொல்லுங்கள். 1,000 என்றது 700ஆக நிற்கும் இடங்கள் உண்டு. டேப் பிடிக்கிற தம்பி என்று பெயர் வந்தால் அதைவிடப் பெரிய லோகோ கிடையாது.

பதிவுச் செலவு பற்றிப் பேசும்போது மட்டும் தேதியைச் சொல்லாமல் பேசாதீர்கள். 2017இல் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில விலையை) 33 சதவீதம் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதம் ஆக்கினார்கள், முத்திரைத் தீர்வை 7ஐயும் சேர்த்து 11 ஆனது. 2023இல் மதிப்பைப் பழையபடி ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக்க, மொத்தம் 9. அதே வருடம் டிசம்பரிலிருந்து பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு முறையே மாறியது: நிலப் பங்குக்குத் தனி, கட்டுமான ஒப்பந்தத்துக்குத் தனி என்பது போய், மொத்த விலைக்கும் சேர்த்து ஒரே பத்திரம். 50 லட்சம் வரை தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5, அதற்கும் மேல் 7, கூடவே பதிவுக் கட்டணம் 2. ஆக, 60 லட்சத்துக்குப் புது ஃப்ளாட் என்றால் 4.2 லட்சம், அதே 60 லட்சத்துக்கு ரீசேல் என்றால் 5.4 லட்சம். நான் 2020இல் போட்ட "11 சதவீதம்" வீடியோ ஒன்று இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பணம் எடுத்துவைத்து வந்தவரிடம் நான் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்போதிலிருந்து முதல் வரியிலேயே மாதமும் வருடமும் சொல்லிவிடுவேன், விதி மாறினால் பழையதை இறக்கிவிடுவேன்.

என் பெரிய தவறு அதற்கும் முந்தையது. 2019இல் வண்டலூருக்கு அப்பால் ஒரு லேஅவுட். விற்கிறவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை அப்படியே கேமரா முன்னால் படித்தேன். "வரப்போகும் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் பத்தே நிமிடம்." விழுப்புரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மனைவியோடு வந்தார். என் காரிலேயே கூட்டிப் போனேன். ஜிஎஸ்டி ரோடு சிக்னல், ரயில்வே கேட், குண்டும் குழியுமான மண் ரோடு, எல்லாம் தாண்டி 35 நிமிடம். அவர் கோபப்படவே இல்லை. இறங்கும்போது, "தம்பி, நீங்க அளந்தது ராத்திரி ரெண்டு மணிக்கா?" என்று மட்டும் கேட்டார். அவர் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அன்று இரவே அந்த வீடியோவை அழித்தேன். எவ்வளவு கமிஷன் போனது என்பது மறந்துவிட்டது, அந்த அம்மா திரும்பிக்கொண்டது மறக்கவில்லை. இப்போதெல்லாம் தூரம் சொல்ல வேண்டுமென்றால், வேலை நாளில் காலை எட்டரைக்கு நானே ஓட்டிப் பார்த்து, கடிகாரத்தைக் காட்டிச் சொல்கிறேன். கிளாம்பாக்கம் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தாயிற்று. மெட்ரோவில் திறக்காத பாதை, பரந்தூர் விமான நிலையம் என்று இன்னும் வராததை வைத்து விற்கும் ஆசை உங்களுக்கும் வரும். வந்ததை மட்டும் பேசுங்கள், வராததற்கு "வேலை நடக்கிறது" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடத்தைச் சுருக்குங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "சென்னை முழுவதும்" என்று போடாதீர்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென், வேங்கைவாசல், இவ்வளவு போதும். ஓஎம்ஆரில் பார்ட்டி கேட்டால் அங்கே இருக்கிற ஆளிடம் கைமாற்றிவிட்டுப் பங்கு பேசிக்கொள்ளலாம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பேசுகிறவரைத்தான் அந்த இடத்து ஆள் என்று ஜனங்கள் நினைப்பார்கள்.

எந்தத் தளம் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. முதலில் கூகுள் பிசினஸ் புரொஃபைல். உங்கள் பெயரை யாரோ சொல்லக் கேட்டவர் போனை எடுத்துத் தேடுவார், அப்போது வரைபடத்தில் கடையும் நாலு நல்ல வார்த்தையும் தெரிய வேண்டும். ரிவ்யூவை, பத்திரம் பதிவான அன்று சாயங்காலம் கேளுங்கள், அன்றைக்குத்தான் மனசு நிறைந்திருக்கும். காசோ பரிசோ கொடுத்து வாங்காதீர்கள், கூகுள் விதிக்கும் அது எதிரானது, படிக்கிறவருக்கும் வாசனை தெரிந்துவிடும். ஒரு நட்சத்திரம் போட்டவருக்குச் சண்டை பிடிக்காமல் இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். ரிவ்யூ படிக்கிறவர்கள் அதைத்தான் முதலில் தேடிப் படிக்கிறார்கள்.

அப்புறம் யூடியூப். வீடு தேடுகிறவர் "செம்பாக்கம் தண்ணி பிரச்சினை" என்று இரண்டு வருடம் கழித்துத் தேடினாலும் அது மேலே வந்து நிற்கும். தலைப்பில் ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள், ஆங்கிலத்தில் தட்டித் தேடித் தமிழில் கேட்கிறவர்கள்தான் அதிகம். இன்ஸ்டாகிராம், அதே வீடியோவிலிருந்து ஒரு நிமிடம் வெட்டிப் போட்டால் போதும். ஃபேஸ்புக் செத்துவிட்டது என்று உங்கள் வயதுக்காரர்கள் சொல்வீர்கள். வீட்டு ஓனர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள், குடியிருப்போர் நலச் சங்கத்துக் குழுக்களில். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணை அவர்கள் சேமித்திருந்தால்தான் போய்ச் சேரும். முன்பின் தெரியாதவர்களைக் குரூப்பில் சேர்த்துக் காலையில் பூப்படம் அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம். மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்ற வீட்டு விளம்பரத் தளங்களில் லீட் (வீடு தேடுகிறவரின் நம்பர்) வாங்கலாம், தவறில்லை, ஆனால் அங்கே நீங்கள் பத்துப் போன் நம்பரில் ஒரு நம்பர்.

முகத்தைக் காட்டுங்கள். ஆடத் தேவையில்லை, மாமா அதில் சரி. வீட்டைக் காட்டும்போது வைடு லென்ஸ் வேண்டாம், பத்துக்குப் பத்து ரூம் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும், நேரில் வந்து கதவைத் திறந்ததும் பார்ட்டியின் முகம் சுருங்கிவிடும். ஓனரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு எண், பத்திரத்தில் இருக்கும் பெயர், சுவரில் மாட்டியிருக்கும் குழந்தைகள் படம், எதுவும் தெரியக் கூடாது. ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள். உங்கள் கேம்ப் ரோடுக்குப் பக்கத்தில் தாம்பரம் விமானப்படைத் தளம், அந்தப் பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். அரசின் ட்ரோன் வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் இரண்டைச் சுற்றியும் சிவப்பு வட்டம், அதாவது அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாத இடம், இருக்கும். கல்யாணத்துக்குப் பறக்கவிடுகிற ஆளைக் கூட்டி வந்து ஒரு ஷாட் எடுத்துவிடலாம் என்று நினைத்து வம்பில் மாட்டாதீர்கள்.

கமிஷனை மறைக்காதீர்கள். நம் பக்கம் வாடகைக்கு ஒரு மாத வாடகை, விற்பனைக்கு 1 அல்லது 2 சதவீதம் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், ஆனாலும் எவரும் எழுதி வைப்பதில்லை. உங்கள் புரொஃபைலில் எழுதி வையுங்கள். பில்டர் பணம் கொடுத்துப் பேசச் சொன்ன வீடியோவா, "இது கட்டண விளம்பரம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 2022இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விளம்பர விதிகள் அந்த உறவை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், மறைத்து மாட்டிக்கொண்டால் அதற்கு முன்னால் போட்ட நூறு வீடியோவும் சந்தேகத்துக்குள் வந்துவிடும்.

இன்னொரு சங்கடம், யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. வாடகை வீட்டுக்கு ஓனர்கள் "சைவம் மட்டும்", "இன்ன ஆட்களுக்கு மட்டும்", "பேச்சிலர் வேண்டாம்" என்று நிபந்தனை சொல்வார்கள். மாமா காலத்தில் அது போனில் முணுமுணுத்துவிட்டுப் போகிற விஷயம். நீங்கள் போஸ்டாகப் போட்டால் உங்கள் பெயரின் கீழ் நிற்கும். சாதி, மதம் சொல்கிற எதையும் நான் போடுவதில்லை, அப்படிச் சொல்கிற ஓனரின் வீட்டையே எடுப்பதில்லை. எனக்கு அதனால் வாடகை வேலை குறைந்தது உண்மைதான்.

எவ்வளவு நாளாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். எனக்கு முதல் அழைப்பு ஏழாவது மாதம் வந்தது. 212 பேர் பார்த்த வீடியோவிலிருந்து. அவர் வாங்குகிறவரும் அல்ல. சார்ஜாவில் இருக்கும் ஒருவர், மேடவாக்கத்தில் தன் காலி மனை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துப் படம் அனுப்ப முடியுமா என்றார். போனேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டடி உள்ளே தள்ளிச் சுவர் வைக்க அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார். எல்லைக் கல்லையும் அஸ்திவாரக் குழியையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன், அவர் சர்வேயரை வைத்து நிறுத்திவிட்டார். நான் ஒரு பைசா வாங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த மனையை விற்றுக்கொடுத்தது நான்தான். அவருடைய நண்பர்கள் மூன்று பேரின் இடத்தையும் இன்றைக்கு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இணையத்தில் பெயர் வந்தால் வாங்குகிறவர்கள் குவிவார்கள் என்று நினைக்காதீர்கள். வருகிறவர்கள் முக்கால்வாசி ஓனர்கள். வாங்குகிறவர் ஒரு தடவை வாங்கிவிட்டுப் போய்விடுவார், விற்கிற இடம் நம் கையில் இருந்தால் பத்துத் தரகர்கள் நம்மிடம் வந்து உட்கார்ந்து விலை பேச நிற்பார்கள்.

மீதி 15,000 ரூபாயைப் பற்றி: சட்டையில் மாட்டுகிற நல்ல மைக் ஒன்று, ஸ்டாண்ட் ஒன்று, 5 மீட்டர் டேப், டிடிஎஸ் மீட்டர். மிச்சம் பெட்ரோலுக்கு. போனை மாற்றாதீர்கள், இருக்கிறதே போதும். ரோட்டுச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை என்றால்தான் ஆள் நகர்ந்துவிடுகிறார், படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்கிறார்.

அந்த மைக்கை முதலில் மாமாவின் சட்டையில் மாட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கேம்ப் ரோட்டிலிருந்து அகரம்தென் வரை ஒரு தடவை போய் வாருங்கள். 2015இல் எந்தத் தெருவில் எத்தனாவது படி வரை தண்ணீர் வந்தது, எந்த மனை ஏரிப் புறம்போக்கை ஒட்டியது, எந்தக் கிணற்றை மூடி எந்த அப்பார்ட்மெண்ட் வந்தது, எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை முடியாமல் இருக்கிறது, அவருக்குத் தெரியாதது இருக்காது. அந்தக் குடும்ப விஷயத்தை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைப் போடுங்கள். கேமராவைப் பார்க்க வேண்டாம், உங்களோடு பேசினால் போதும் என்று அவரிடம் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் திட்டுவார்.